பழைய ஆசிரியரைக் காணச் செல்லுதல்

(கல்கத்தா, அலிப்பூரில் தமிழ் உபாசகர்களுக்கு நடத்திய பாடத்தின் சுருக்கம்)



பௌத்த தம்மத்தைத் தழுவிய நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. "நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் பழைய சமயத்திலேயே இருக்கின்றார். அச்சமயத்தை நாம் விட்டுவிட்டோம். ஆசிரியருள் சிலர் நம்மை வகுப்பில் ஒதுக்கி அமர்த்தியும் உள்ளனர். இத்தகையோரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று காண்பது தகுமா?" என்பதே அவ்வையம். இதற்கு விடையைப் பகவானுடைய வாழ்விலிருந்தே அறிவோம்.

சித்தார்த்தர் துறவு பூண்டபின் முதலில் ஆளார காலாமரிடமும், அடுத்து உத்தக ராமபுத்திரரிடமும் தியான நெறி பயின்றார். அந்நெறிகள் துக்கத்தை அறவே நீக்கப் போதா எனக் கண்டு இருவரையும் விட்டு நீங்கினார். பின்னர்ப் போதி மரத்தடியில் மெய்யறிவு எய்தினார். கண்டறிந்த தம்மத்தை முதலில் யாருக்கு உரைப்பது என்று அவர் எண்ணியபோது, திருவுள்ளத்தில் முதற்கண் தோன்றியவர் ஆளாரரே. ஆனால் ஆளாரர் இறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. அடுத்து உத்தகரை நினைத்தார். அவரோ முந்திய இரவே மறைந்திருந்தார். இவ்வரலாறு விநய பிடகத்தின் மகாவக்கத்தில் உள்ளது.

இதனால் நாம் அறிவது யாது? கொள்கையை விடுதல் வேறு. நன்றியை விடுதல் வேறு. பகவான் பழைய நெறிக்குத் திரும்ப எண்ணவில்லை. தமக்குக் கற்பித்தவர்க்குத் தாம் கண்ட மெய்யைக் கொடுக்க எண்ணினார். மாணவன் ஆசிரியருக்கு அளிக்கத்தக்க காணிக்கை இதனினும் உயர்ந்தது இல்லை.

நம் காலத்திலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பேரறிஞர் ஜான் டூயி. 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அவரைத் தம் ஆசிரியர் என்றே குறித்துள்ளார். 1952 ஜூன் 5 அன்று அப்பல்கலைக்கழகம் அண்ணலுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அதற்காகச் சென்றவர் டூயியைக் காண ஆவலுற்றிருந்தார். டூயியோ ஜூன் 1 அன்றே, தம் 92-ஆம் வயதில், காலமாகிவிட்டார். தம் அறிவு வாழ்வு முழுவதற்கும் அவருக்கே கடன்பட்டிருப்பதாக அண்ணல் தம் துணைவியார்க்கு வருந்தி எழுதினார்.

ஆசிரியர் மறைந்துவிட்டால் அக்கடனை எங்ஙனம் செலுத்துவது? பகவான் ஏங்கி அமர்ந்துவிடவில்லை. முன்பு தம்முடன் தவம் புரிந்த ஐவரை நினைத்து, கயைப் பகுதியிலிருந்து காசியை அடுத்த இசிபதனம் வரை நடந்தார். அவ்வைவரோ அவரை வெறுத்து நீங்கியவர்கள். அவர் வந்தால் வணங்குவதில்லை, எழுந்து நிற்பதில்லை என்று தம்முள் உறுதி செய்திருந்தனர். அவர் அணுகியதும் அவ்வுறுதி தளர்ந்தது. ஒருவர் பாத்திரத்தை வாங்கினார். ஒருவர் ஆசனம் இட்டார். ஒருவர் கால் கழுவ நீர் வைத்தார். பகவான் சினம் கொள்ளவில்லை. அவர்கள் மறுத்ததற்காகத் தாம் கண்ட உண்மையை மறைக்கவும் இல்லை.

நம்மை இழிவு செய்த ஆசிரியரிடம் செல்லும் முறையும் இதுவே. அவர் தந்த எழுத்துக்கு நன்றி கூறுக. அவர் செய்த இழிவை நன்மை என்று கூறவேண்டா. நம் தன்மதிப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டுவதில்லை. நாம் இன்று எந்நெறியில் நிற்கிறோம் என்பதை அமைதியாகச் சொல்லுக.

அவ்வைவருள் ஒருவர் அஸ்ஸஜி. அவரிடமே சாரிபுத்தர் முதன்முதல் தம்மம் கேட்டார். பிற்காலத்தில் பகவானின் தலைமைச் சீடர் ஆனபின்பும், அஸ்ஸஜி இருக்கும் திசை நோக்கி வணங்கி, அத்திசையில் தலைவைத்தே உறங்கினார் என்று உரைநூல்கள் கூறும்.

சிங்காலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் உரைத்த பாடத்தில், தென்திசை ஆசிரியரைக் குறிக்கும். எழுந்து வரவேற்றல், அருகிருந்து பேணல், கேட்கும் ஆர்வம், தொண்டு, கருத்தூன்றிக் கற்றல் என மாணவர் கடமை ஐந்து. அலிப்பூரில் வாழும் நமக்குத் தமிழகம் தெற்கே உள்ளது. நம் ஆசிரியர் பலர் அங்கேயே இருக்கின்றனர். பள்ளியில் அகரம் எழுதுவித்தவர் மட்டுமல்லர். ஆலையில் அறுந்த நூலை இணைக்கக் கைபிடித்துக் காட்டியவரும் ஆசிரியரே.

அநித்தியம் என்று நாள்தோறும் ஓதுகிறோம். ஏழு நாள் தாழ்த்தால் காணமுடியாமற் போகலாம் என்பதே அதன் பொருள். ஆதலின், உயிருடன் உள்ள ஆசிரியருக்கு இவ்வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். விடுமுறையில் ஊர் சென்றால் நேரிற் காணுங்கள். அவர் மறைந்திருந்தால், எழுத்தறியாத ஒரு பிள்ளையை மாலையில் அழைத்து அமர்த்தி, அவர் கற்பித்ததைக் கற்பியுங்கள்.