புதுச்சேரிக்குத் திரும்பினேன், நர்ஸம்மா வரவில்லை

கேள்வி: எனக்கு நான்கு மாதப் பெண் குழந்தை. பிரசவத்துக்குக் கடலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே நர்ஸம்மா வீட்டுக்கே வந்து எடை பார்த்தார். போன மாதம் இங்கே திரும்பினேன், யாரும் வரவில்லை. பாரிஸில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அரசாங்க நர்ஸ் வந்தாராம். நம் ஊரில் அப்படி உண்டா? மாமியாரோ, "கண்டவங்க வந்து பிள்ளையை எடை போட வேணாம்" என்கிறார்.
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: உண்டு. நீங்கள் வந்திருப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். கடலூர் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் கையில், புதுச்சேரி வேறு அரசின் கையில். தாய்வீட்டில் பிரசவம் பார்த்துத் திரும்பும் பெண்கள் பலர் இந்த எல்லையில்தான் விடுபட்டுப் போகிறார்கள். தாய்-சேய் அட்டையை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். உங்கள் தெருவுக்கு உரிய துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) யார் என்று கேட்டுப் பெயரைப் பதியுங்கள். அப்படியே பக்கத்து பால்வாடியிலும் பதிந்துவிடுங்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளில் எது விட்டுப்போயிருந்தாலும் அன்றே கேட்டுப் போட்டுவிடலாம்.

2011 முதல் நடக்கும் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டில் வந்து பார்க்க வேண்டும். 2018-ல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களிலும் வருகை உண்டு. இந்த வீட்டு வருகைகளுக்கு வழிகாட்டியது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். அந்த வசதி இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. உங்கள் நாத்தனார் சொன்னது 1945-ல் பிரான்ஸ் தொடங்கிய தாய்-சேய் பாதுகாப்புச் சேவையாக இருக்கும். அங்கே அது எல்லாருக்கும் இலவசம்.

மாமியார் பயப்படுவது கண்ணேறு பட்டுவிடுமோ என்றுதான். அவரோடு வாதாட வேண்டாம். நர்ஸம்மா வரும்போது மாமியாரையே குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடையை அட்டையில் குறித்து, கோடு ஏறுகிறதா என்று மாமியாருக்கும் காட்டும்படி நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். எடை ஏறாமல் நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கோடு சொல்லிவிடும். வீட்டுக்கு வருகிறவர் உங்கள் வீட்டைக் குறை சொல்ல வருவதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதை நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டையாகும். நர்ஸம்மா சொன்னால் எடுபடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கம் இருந்தால் அதையும் அவர் வாயாலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

குழந்தையோடு விளையாடுவது எப்படி என்றும் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து விளையாட தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள்தான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள், இந்த வருகை கிடைக்காத மற்ற வளர்ச்சி குன்றிய குழந்தைகளைவிடச் சராசரியாக 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். நம் மத்திய அரசும் 2024-ல் 'நவசேதனா' என்ற பெயரில், பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை வீட்டில் செய்யக்கூடிய 140 விளையாட்டுகளை வகுத்திருக்கிறது. பால்வாடி ஆசிரியையிடம் கேளுங்கள். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது முகம் பார்த்துப் பேசுவதும், அவள் 'ஆ' என்றால் நீங்களும் 'ஆ' என்பதும்தான். மாமியாரின் தாலாட்டு இந்த வயதுக்கு மிக நல்லது, நாள் தவறாமல் பாடட்டும்.

கழுத்து இன்னும் நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் அடுத்த வருகை வரை பொறுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பால் குடிக்க மறுப்பது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் நேரே எல்லைப்பிள்ளைச்சாவடி இராஜீவ் காந்தி மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள். இரவென்றாலும் தயங்க வேண்டாம்.