கிடாயை யார் காப்பாற்றுவது?



தம்பி, உமது அனிமேசன் படத்தில் கிடாயும் சேவலும் கூடித் திரியும் பகுதி நன்றாக வந்திருக்கிறது. கடைசிக் காட்சிதான் சிக்கல். இலங்கையின் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலுக்குப் பலிக்காகக் கொண்டுவந்த இரண்டையும் ஓர் அதிகாரி வந்து லொறியில் ஏற்றிப் போக, படம் முடிகிறது. உண்மையில் நடந்ததுதானே என்று நீர் கேட்கலாம். 2011 செப்டம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு வந்து பலி ஆடுகளையும் கோழிகளையும் கொண்டுபோனது நாடறிந்த செய்தி. அதோடு விஷயம் முடிந்ததா? வழக்குகள் வந்தன, நேர்த்திக்கடன் பற்றிய வாதம் வருடக்கணக்கில் இழுபட்டது. வெளியிலிருந்து வரும் மீட்பரால் கதையைத் தொடக்கிவைக்கத்தான் முடியும்.

ஈ. பி. வைட்டின் நாவலை வைத்து 1973 இல் ஹன்னா-பார்பெரா எடுத்த 'சார்லட்ஸ் வெப்' இதை நன்றாக அறிந்த படம். நோஞ்சானாகப் பிறந்த பன்றிக்குட்டி வில்பரைக் கோடரியிலிருந்து காப்பவள் ஃபேர்ன் என்ற சிறுமி. ஆனால் அது நடப்பது தொடக்கத்தில். அவளுடைய கருணையால் வில்பருக்குக் கிடைப்பது தவணை மட்டுமே; பனிக்காலம் வந்தால் கத்தி திரும்பவும் வரும். அதைத் தடுப்பது சார்லட் என்ற சிலந்தி. வலை பின்னுவதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. அந்த வலையிலேயே எழுத்துகளைப் பின்னி நண்பனைப் பேர்பெற்றவனாக்குகிறது. சந்தைத் திடலில் அவனுக்குப் பரிசு கிடைக்கிறது, முட்டைப்பையை விட்டுவிட்டு சார்லட் இறக்கிறது. குஞ்சுகளில் மூன்று மட்டும் வில்பரோடு தங்குகின்றன. பெருந்தீனி எலி டெம்பிள்டனும் அந்த முட்டைப்பையை எடுத்துத் தரக் கூலி பேசித்தான் இறங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அது.

பிள்ளைகள் அழுவார்களே என்பீர். அழட்டும். அரை நூற்றாண்டாக அந்தப் படத்தைப் பார்த்து அழுத பிள்ளைகள்தான் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். மாறாக, 1954 இல் ஹாலஸும் பச்சலரும் எடுத்த 'விலங்குப் பண்ணை'யைப் பாரும். மூலநாவலில் ஓர்வெல் வைத்த கசப்பான முடிவை மாற்றி, விலங்குகள் மறுபடி கிளர்ந்தெழுவதாக முடித்தார்கள். படத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவுத்துறையின் பணம் இருந்தது பிறகு தெரியவந்தது. உமது படத்துக்குப் பணம் தரும் அமைப்பும் முடிவைப் பற்றி யோசனை சொன்னால், கொஞ்சம் யோசித்துத் தலையாட்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது: மீட்பர் இல்லையென்றால் விலங்குகள் தாமே தப்ப வேண்டும், அப்போது கிடாயைக் கொண்டுவந்த குடும்பம் வில்லனாகிவிடாதா? 'சிக்கன் ரன்' (2000) அந்த வழியில்தான் போகிறது. பறக்கக் கற்றுத்தருவான் என்று நம்பிய சேவலுக்கே பறக்கத் தெரியவில்லை. கோழிகள் தாங்களே ஒரு பறக்கும் இயந்திரத்தைக் கட்டித் தப்புகின்றன. அருமையான முடிவுதான். ஆனால் அதற்கு பண்ணைக்காரி ட்வீடி அம்மா போல ஒரு கொடியவள் தேவைப்பட்டாள். முன்னேஸ்வரத்துக்குத் தமிழரும் சிங்களவரும் பிள்ளையின் நோய்க்கும் வீட்டுக் கஷ்டத்துக்கும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். அவர்களை ட்வீடி ஆக்குவது பொய். வில்பரின் உரிமையாளர் சக்கர்மன் சாதாரண விவசாயி. அவருக்கு இருந்தது வழக்கம், வன்மம் இல்லை. உமது குடும்பத்தையும் அப்படியே வரையும்.

அப்படியானால், சார்லட்டைப் போலக் கிடாயைக் காப்பாற்ற வேண்டியது சேவல்தான். அதனிடம் என்ன இருக்கிறது, அதைக் கொடுத்தால் எதை இழக்கும் என்பதை முதலில் தீர்மானியும். உமது இரண்டாம் காட்சியில் அது நேரந்தவறிக் கூவித் திட்டு வாங்குகிறது. அதன்பின் அந்தக் குரலை நீர் மறந்தே போனீர். அங்கிருந்து தொடங்கும். லொறியை விட மனமில்லையென்றால் அதைப் படத்தின் முதற்பாதிக்குக் கொண்டுபோம்.