மண் இல்லாத குயவர்

கேள்வி: நான் புனித மரியாள் பேராலயத்துக்குப் போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா கோணேசர் கோயிலுக்குப் போகிறா. ‘கடவுள்தான் உலகைப் படைத்தார்’ என்று இருவருமே சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, திருகோணமலை

பதில்: முழுக்க ஒன்றல்ல, சகோதரி. அக்காவின் சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அநாதி, அதாவது தொடக்கமற்றவை. குயவன் மண்ணிலிருந்து குடம் வனைவதுபோல், இறைவன் பாசத்துள் அடங்கும் மாயை எனும் மூலப்பொருளிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான். கிறிஸ்தவத்தில் அந்த மண்ணே கிடையாது. என்றும் இருப்பவர் கடவுள் ஒருவரே. உங்கள் உயிர் உட்பட மற்ற யாவும் இன்மையிலிருந்து அவர் உண்டாக்கியவை. 1215இல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் இதை வெளிப்படையாக அறிக்கையிட்டது. காலமும் படைப்பே என்றார் புனித அகுஸ்தீனார். ஆகவே ‘படைப்புக்கு முன்’ என்றொரு நேரமே இல்லை.

எனக்கு மிக அருமையாகத் தோன்றுவது இன்னொன்று. கடவுளுக்கு உலகம் தேவைப்படவே இல்லை. தந்தை, மகன், தூய ஆவி எனும் ஒரே கடவுளுக்குள் அன்பு என்றும் நிறைந்திருக்கிறது; நம் கொட்டியாரக் குடாவும் நீங்களும் நானும் அந்த அன்பு தானாகத் தந்த கொடை.

இறைவன் உலகைக் கடந்தும் அதனுள்ளும் இருக்கிறார் என்பதில் இரு மரபுகளும் நெருங்கி வருகின்றன. மாயையைப் பற்றி அக்காவிடமே கேளுங்கள். இன்மையிலிருந்து படைப்பு என்பதை நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கள்.