சனி, ஞாயிறு மட்டும்தான் நேரமா? கேளிக்கைப் பூங்காவில் பகுதிநேர வேலை தேடும் முறை



"அனுபவம் இல்லை. டொச் இன்னும் சரியாக வராது. கிழமை நாட்களில் வகுப்பு. எனக்கு யார் வேலை தருவினம்?" ஆலோசனை நேரத்துக்கு வருகிற புதியவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பொருந்தக்கூடிய ஓர் இடம் கேளிக்கைப் பூங்கா. டொச்சில் இதை 'பிறைற்சைற்பார்க்' என்பார்கள். ராட்டினம், உருளும் ரயில், உணவுக்கடை எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும் பெரிய இடம்.

இந்தப் பாடத்தில் ஒரு விடயத்தை நன்றாக மனதில் வையுங்கோ. உங்களிடம் இருக்கிற குறைந்த நேரம், அந்த இடத்துக்குத் தேவையான நேரமாக இருக்கலாம். அதைச் சரியாக எழுதிக் கொடுக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அனுமதி வருமுன் ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யக் கூடாது.

1. முதலில் உங்கள் கடதாசியைப் பாருங்கள்

தஞ்சம் கோரியவருக்குத் தரப்படும் தற்காலிகக் கடதாசியின் பெயர் 'அவுவென்ற்ஹால்ட்ஸ்கெஸ்ராற்றுங்'. அதில் வேலை பற்றி ஒரு வரி இருக்கும். பொதுவாக அது மூன்றில் ஒன்று.

'எர்வெர்ப்ஸ்ரேற்றிக்கைற் நிஹ்ற் கெஸ்ராற்றெற்' என்றால் வேலை செய்ய இப்போது அனுமதி இல்லை.

'பெஷெவ்ற்றிகுங் நூர் மிற் எர்லவ்ப்னிஸ்' என்று தொடங்கினால், வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி எடுத்த பிறகு வேலை செய்யலாம். இந்த அனுமதி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டியது.

'பெஷெவ்ற்றிகுங் எர்லவ்ப்ற்' என்று மட்டும் இருந்தால், சம்பள வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை.

ஆரம்ப முகாமில் இருக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் முன்பு 9 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 பெப்ரவரியில் வந்த சட்டமாற்றம் அதை 6 மாதமாகக் குறைத்தது. முகாமுக்கு வெளியே, நகரசபை கொடுத்த ஹைமிலோ வீட்டிலோ இருப்பவர்களுக்கு 3 மாதத்தின் பின் அனுமதி கொடுக்க இடமிருந்தது. இந்தச் சட்டங்கள் அடிக்கடி மாறுபவை. ஆகவே பக்கத்து அறைக்காரர் சொன்னதை நம்பிப் போகாமல், உங்கள் கடதாசியில் உள்ள வரியை நம்புங்கள். வரி விளங்காவிட்டால் பிரதி எடுத்துக்கொண்டு எங்களிடம் வாங்கோ. 'டுல்டுங்' வைத்திருப்பவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் எந்த மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரியையும் வாசியுங்கள். மாவட்டத்தைத் தாண்டத் தடை இருக்கும்போது அடுத்த மாவட்டத்துப் பூங்காவுக்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை.

2. ஏன் கேளிக்கைப் பூங்கா?

ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. ஆனால் பொழுதுபோக்கு இடங்களில் ஞாயிறு வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. பூங்காவுக்குச் சனம் கூடுவது சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை, அரச விடுமுறை நாட்களில். குடும்பத்தோடு இருப்பவர்கள் வேலை செய்ய விரும்பாத நாட்களும் அவைதான். உங்கள் டொச் வகுப்போ திங்கள் முதல் வெள்ளி வரை. கணக்கு விளங்குகிறதா?

எங்கெங்கே இருக்கின்றன? நாட்டின் மிகப் பெரியது தென்மேற்கில் றுஸ்ற் என்ற ஊரில் உள்ள ஒய்றோப்பா பார்க். 1975 இல் தொடங்கியது. 2019 இல் 'றுலன்ரிக்கா' என்ற நீர்ப்பூங்காவும் அதோடு சேர்ந்தது. நம்மவர் அதிகம் வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில், கேள்ன் நகருக்குப் பக்கத்தில் புறூள் என்ற ஊரில் 1967 முதல் இயங்கும் பன்ராசியாலான்ட் இருக்கிறது. பொற்றொப்பில் மூவி பார்க் இருக்கிறது. வடக்கே சொல்ராவில் ஹைட பார்க், தெற்கே கின்ஸ்பூர்க்கில் 2002 இல் திறந்த லெகோலான்ட். இவை தவிர சிறிய பூங்காக்களும் பல உண்டு. சிறியது என்று தள்ளி வைக்காதீர்கள். பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள சிறிய பூங்கா, போக முடியாத பெரிய பூங்காவைவிட நல்லது.

பெரும்பாலான பூங்காக்கள் மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் திறந்து, நவம்பர் தொடக்கத்தில் பூட்டுபவை. சில, குளிர்காலத்திலும் சில கிழமை திறப்பதுண்டு. ஏப்ரலில் திறக்கும் இடத்துக்கு ஏப்ரலில் விண்ணப்பித்தால் பிந்திவிடும். தை, மாசி மாதங்களிலேயே அனுப்புங்கள். அனுமதி எடுக்கவும் நாள் வேண்டும் அல்லவா? தவறவிட்டால் செப்ரெம்பரில் இன்னொரு தடவை முயலலாம். கோடை விடுமுறைக்கு வேலை செய்த மாணவர்கள் படிக்கப் போகும் காலம் அது. பெரிய பூங்காக்களில் ஒக்ரோபர் முழுக்க ஹலோவீன் கொண்டாட்டம் வேறு.

3. என்னென்ன வேலை?

ராட்டினத்தை இயக்குவது மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். உண்மையில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக டொச் வேண்டும். சனத்துக்குப் பாதுகாப்பு அறிவித்தல் சொல்ல வேண்டும், அவசரத்தில் உடனே விளங்க வேண்டும். டொச் குறைவாக உள்ளவர்கள் முதலில் சமையலறை உதவி, பாத்திரம் கழுவுதல், துப்புரவு, பூங்காவின் ஹொட்டேல் அறைகளை ஒழுங்குபடுத்துதல் ஆகியவற்றைப் பார்க்கலாம். டொச் ஓரளவு வந்ததும் உணவுக்கடை, வாகனத் தரிப்பிடம், நுழைவாயில் என்று மேலே போகலாம்.

உணவோடு சம்பந்தப்பட்ட வேலை என்றால் ஒரு நிபந்தனை உண்டு. சுகாதார அலுவலகம், அதாவது 'கெசுண்ட்ஹைற்ஸ்அம்ற்', நடத்தும் சிறு அறிவுறுத்தலுக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்க வேண்டும். முதல் தடவை வேலை தொடங்கும் நாளில் அந்தச் சான்றிதழ் 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆகவே வேலை உறுதியாகுமுன் அவசரப்பட்டுக் காசைக் கட்டாதீர்கள். கட்டணத்தை அவர்களே தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

4. "அனுபவம் இல்லை" என்று எழுதாதீர்கள்

வாழ்க்கைக் குறிப்புக்கு டொச்சில் 'லேபன்ஸ்லவுவ்' என்று பெயர். ஒரு பக்கம் போதும். அதில் பொய் எழுத வேண்டாம். செய்ததை மறைக்கவும் வேண்டாம். ஊரில் அப்பாவின் கடையில் நின்றீர்களா? காசு எண்ணி வாங்கி, கணக்கு முடித்திருப்பீர்கள். அதை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதுங்கள். ஹைமில் மணிக்கு 80 சென்ற் கொடுக்கும் துப்புரவு வேலை செய்தீர்களா? அதுவும் நேரத்துக்கு வந்து செய்த வேலைதான். பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்.

ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் சனம் வரும். அப்படியான ஓரிடத்தில் அன்னதானம் பரிமாறி, வரிசையை ஒழுங்குபடுத்தி, வாகனங்களுக்கு வழி காட்டிய ஒருவர், பூங்காவில் செய்யும் வேலையைத்தான் சம்பளம் இல்லாமல் ஏற்கெனவே செய்திருக்கிறார். "கோயிலில் தொண்டு" என்று மட்டும் எழுதினால் டொச்க்காரருக்கு விளங்காது. "திருவிழாவில் உணவு வழங்கல், வரிசை ஒழுங்கு" என்று செய்த வேலையை எழுதினால் விளங்கும்.

5. நேரத்தை எழுதும் முறை

இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி. "எந்த நேரமும் வருவேன்" என்று எழுதுவது பலருடைய பழக்கம். வேலை கிடைக்கவேண்டும் என்ற பயத்தில் எழுதுவது. ஆனால் இரண்டாம் கிழமையே "செவ்வாய் வகுப்பு, வர இயலாது" என்று சொல்லவேண்டி வரும். பூங்காவில் ஆட்களின் நேர அட்டவணை முன்கூட்டியே போடப்படும். ஒருவர் வராவிட்டால் ஒரு கடையோ ஒரு ராட்டினமோ நிற்கும். அதனால் அவர்கள் தேடுவது சொன்ன நேரத்துக்கு வருபவரை.

ஒரு கடதாசியில் ஏழு நாளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரலாம் என்று எழுதுங்கள். வர முடியாத நாளுக்குக் கோடு போடுங்கள். கீழே மூன்று விடயம் சேருங்கள்: எந்தத் திகதி முதல் தொடங்கலாம், பாடசாலை விடுமுறையில் கூடுதல் நாட்கள் வரலாமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. கடைசி பஸ்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்குப் பூங்கா பூட்டி, ஒன்பதரைக்குக் கடைசி பஸ் போனால் எப்படி வீடு போவீர்கள்? ஞாயிறு நேர அட்டவணையையும் பாருங்கள், அது வேறாக இருக்கும்.

இன்னொன்று. பூண்டஸ்அம்ற்றில் உங்கள் தஞ்ச விசாரணை நாள் எந்த வேலையையும்விடப் பெரியது. காரணம் இல்லாமல் போகாமல் விட்டால் உங்கள் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். "அலுவலகக் கடிதம் வந்தால் அந்த நாள் மட்டும் வர முடியாது, கடிதம் கிடைத்த அன்றே அறிவிப்பேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

6. "வேலை தருகிறோம்" என்று சொன்னால்

சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கே போய் நிற்கக் கூடாது. தனி அனுமதி தேவைப்படுவோருக்கு ஒழுங்கு இது:

வேலை கொடுப்பவர் 'எர்க்லேறுங் சும் பெஷெவ்ற்றிகுங்ஸ்வெர்ஹெல்ற்னிஸ்' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். வேலை என்ன, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம் என்பது அதில் இருக்கும். நீங்கள் அதை விண்ணப்பத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் பொதுவாக அரச தொழில் முகவர் நிலையத்தின் சம்மதத்தைக் கேட்பார்கள். சம்பளமும் நிபந்தனைகளும் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் உள்ளனவா என்று அங்கே பார்க்கப்படும். அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகே வேலை.

"ஒருநாள் வந்து செய்து பாரும், பிறகு பார்ப்பம்" என்று கூப்பிட்டால்? சும்மா நின்று பார்ப்பது வேறு. கையால் செய்தால் அது வேலைதான், அதற்கும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதியில்லாத வேலைக்குத் தண்டப்பணம் வரலாம், பின்னாளில் எடுக்கும் அனுமதிகளுக்கும் அது இடைஞ்சலாகும். ஒரு நாள் சம்பளத்துக்காக அதை இழக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "கூப்பிடும்போது வா" என்ற ஒப்பந்தத்தில் மணித்தியாலம் எழுதாவிட்டால், சட்டம் அதைக் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று எடுக்கும். அப்போது மினிஜொப் எல்லை தாண்டிவிடும். அப்படியான ஒப்பந்தத்தில் கூப்பிடுவதென்றால் 4 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். 6 மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை உங்கள் உரிமை.

7. சம்பளமும் சோசலும்

2026 தை முதல் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 13.90 யூரோ. மினிஜொப் எல்லை மாதம் 603 யூரோ. பிரித்துப் பார்த்தால் மாதம் 43 மணித்தியாலம், கிழமைக்கு ஏறக்குறைய 10 மணித்தியாலம். 2027 தை முதல் மணிக்கு 14.60, எல்லை 633 யூரோ என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

தஞ்சம் கோருவோருக்கான அடிப்படை உதவி பெறுபவர், வேலை தொடங்கி 3 நாளுக்குள் சோசல் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். உழைப்பில் 25 வீதம், ஓர் எல்லை வரை, கணக்கில் எடுக்கப்படாது. 400 யூரோ உழைத்தால் 100 யூரோ உங்களுக்கு. பயணச்சீட்டு போன்ற வேலைக்கான அவசியச் செலவும் கழிக்கப்படும், ரிக்கற்றைப் பத்திரமாக வையுங்கோ. மிச்சம் உதவியிலிருந்து குறையும். ஹைம் செலவுக்கும் ஒரு பங்கு கேட்கலாம்.

"நூறு யூரோவுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த வேலை உங்கள் தஞ்ச முடிவை மாற்றாது, அப்படி யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வேலை முடியும்போது எழுத்தில் ஒரு வேலைச் சான்றிதழ், 'அர்பைற்ஸ்சொய்க்னிஸ்', கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த விண்ணப்பத்தில் "அனுபவம்" என்ற இடம் வெறுமையாக இராது. வகுப்பில் படித்த டொச்சும் வாயில் வரத் தொடங்கும்.

8. வீட்டுப்பாடம்

ஒன்று: உங்கள் கடதாசியில் வேலை பற்றிய வரியையும் மாவட்டம் பற்றிய வரியையும் கொப்பியில் பார்த்து எழுதுங்கள்.

இரண்டு: ஏழு நாள் நேர அட்டவணையைத் தயாரியுங்கள். கடைசி பஸ்ஸோடு.

மூன்று: இந்த இரண்டு வசனத்தையும் சத்தமாகப் பத்துத் தரம் சொல்லுங்கள்.

"இஹ் கன் சம்ஸ்ராக் உண்ட் சொன்ராக் அர்பைற்றன்." சனி, ஞாயிறு நான் வேலை செய்யலாம்.

"இஹ் ப்றவுஹ சுவெர்ஸ்ற் டீ எர்லவ்ப்னிஸ்." எனக்கு முதலில் அனுமதி வேண்டும்.

இரண்டாவது வசனத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். விதி தெரிந்த, பொறுப்பான ஆள் என்று அவர்களுக்கு விளங்கும். மூன்றும் முடிந்ததும் கொப்பியோடு ஆலோசனை நேரத்துக்கு வாங்கோ, விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுவோம்.