ஆறு ஆண்டு அச்சகத்தை மறைக்கலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகள் சொந்தமாக அச்சகம் நடத்தி, மூடிவிட்டேன். இப்போது கம்பெனி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். அந்த ஆண்டுகளில் நண்பரின் நிறுவனத்தில் மேலாளராக இருந்ததாக பயோடேட்டாவில் போடலாமா?

பதில்: வேண்டாம். பின்னணியைச் சரிபார்ப்பவர்கள் சம்பளச் சீட்டும் பி.எஃப். விவரமும் கேட்பார்கள். நண்பரிடம் 20 பேர் இல்லை, அதனால் பி.எஃப். கிடையாது என்பீர்கள். அப்போதும் உங்கள் வருமான வரிக் கணக்கு அந்த ஆண்டுகளின் வருமானத்தைத் தொழில் வருமானம் என்றுதானே சொல்லும்? நண்பரையும் பொய்க்குச் சாட்சியாக்குகிறீர்கள். அச்சகத்துக்கோ ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் சான்றிதழ், பழைய பில்கள் என்று உங்களிடம் ஏதாவது ஆதாரம் இருக்கும். ஆகவே 'உரிமையாளர்' என்றே எழுதுங்கள்; 'நிர்வாக இயக்குநர்' வேண்டாம், அது கம்பெனிச் சட்டம் சொல்லும் பதவி. அதன் கீழே, விலைப்புள்ளி கொடுத்தது, காகிதம் கொள்முதல் செய்தது, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தது, பாக்கி வசூலித்தது ஆகியவற்றில் புது வேலைக்குப் பொருந்துபவற்றை நிஜமான எண்ணிக்கையோடு தாருங்கள்.

தொழிலில் தோற்றவர் என்று வேலை கொடுப்பவர்கள் நினைக்கமாட்டார்களா? சிலர் நினைப்பார்கள். மூடிய காரணத்தை நேர்காணலில் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். முதலாளியாக இருந்தவர் இன்னொருவருக்குக் கீழே நிலைப்பாரா என்பதே அவர்களின் பெரிய தயக்கம். மாதச் சம்பளத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு நேரான பதிலைத் தயாராக வைத்திருங்கள்.