விரல்கள் பயின்ற நடனம்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1920இல் பிறந்தவர் அலிசியா அலோன்சோ. பாலே நடனத்தில் வளர்ந்துவந்த இளமையிலேயே விழித்திரை விலகியதால் அவரது பார்வை மங்கியது. அறுவை மருத்துவத்துக்குப்பின் தலையை அசைக்காமல் பல மாதங்கள் படுத்திருந்தார். அப்போது ‘ஜிசெல்’ என்னும் நாட்டிய நாடகத்தின் அடவுகளைப் படுக்கையிலேயே விரல்களால் ஆடிப் பயின்றார். 1943இல் நியூயார்க்கில், உடல்நலம் குன்றிய முதன்மைக் கலைஞருக்கு மாற்றாக அவ்வேடம் ஏற்றுப் புகழ்பெற்றார். ஓரப்பார்வை இழந்த அவருக்கு மேடையின் ஒளிமிக்க விளக்குகளே திசைகாட்டின. உடன் ஆடுவோரும் உரிய இடத்தில் பிசகாது நின்றனர். 1948இல் தாயகத்தில் அவர் நிறுவிய குழு, பின்னர் கியூபாவின் தேசிய பாலே குழுவாயிற்று. எழுபது வயதைக் கடந்தும் ஆடிய அவர், 2019இல் மறைந்தார். கண் காட்டாத வழியை இடைவிடாப் பயிற்சி அவருக்குக் காட்டியது.