விண்ணப்பமும் காலமும்

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல விழையும் நாவலூர்ப் பகுதி மாணவர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. விண்ணப்பம் என்பது ஒற்றைத் தாளன்று. பலர் கைகளில் உருவாகும் தொகுப்பு. அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு டிசம்பரிலேயே இறுதிநாள் வந்துவிடுகிறது. நோக்கத்தை விளக்கும் கட்டுரையை நாமே ஓரிரவில் திருத்திவிடலாம். பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் அவ்வாறு விரைவுபடுத்த இயலாது. ஜி.ஆர்.இ. தேர்வு முடிவு வரவே சுமார் 10 நாள்கள் ஆகும். அம்மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். டோஃபெல் மதிப்பெண்ணோ 2 ஆண்டுகளே. ஒரு கடிதம் வந்து சேராமையால் தகுதியுள்ள மாணவர் ஓராண்டை இழந்ததை நாம் கண்டிருக்கிறோம். எனவே பிறர் கையிலுள்ளவற்றை ஆகஸ்டிலேயே தொடங்குக. தம் கையிலுள்ளதைப் பின்னர்ச் செப்பனிடுக. காலத்தே கேட்பது ஆசிரியர்க்குச் செய்யும் மரியாதையுமாகும்.